சிப்பின் மேல் ஒரு மச்சம்

குழந்தையின் தொடையில் கொப்புளம் கண்டது காலையில். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. கொப்புளம் வந்த நேரத்தில் பக்கத்தில் யார் நின்றாரோ அவர்தான் குற்றவாளி. நின்றவள் வார்டு நர்ஸ்.

அவளை எல்லாரும் சிடுசிடு சிஸ்டர் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். கை கழுவாமல் பச்சைக் குழந்தைகள் வார்டுக்குள் நுழைகிற அப்பாக்களையும், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற அத்தைமார்களையும் சிரித்த முகத்தோடு விரட்ட முடியாது என்பது அவள் கட்சி.

அந்த வார்டில் குறைமாதக் குழந்தைகளைப் படுக்க வைத்து மேலிருந்து இதமாகச் சூடு கொடுக்கிற மெஷின்கள் இருந்தன. வார்மர் என்பார்கள். குழந்தையின் உடம்புச் சூட்டைப் பார்த்து, வேண்டியதைக் கொடுத்து, போதும் என்றால் நிறுத்திக்கொள்வது வார்மரின் வேலை. அன்றைக்கு ஒன்று நிறுத்தவில்லை. அலாரமும் அடிக்கவில்லை. எல்லாம் சரி என்று பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு அது பாட்டுக்குச் சூட்டை ஏற்றிக்கொண்டே போனது. அடுத்த தொட்டிலில் இன்னொரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த சிடுசிடு, இந்த அழுகை பசி அழுகை இல்லையே என்று திரும்பி, பாய்ந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கின கையும் கன்றிப்போனது.

விசாரணை நடத்தியவர் பெரிய டாக்டர். அந்த ஆஸ்பத்திரிக்கே தலைவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, ரிடையர் ஆகப் போகிறவர், அவ்வளவுதான். மெஷின் சரியாக இருந்தேன் என்கிறது, நர்ஸும் சரியாக இருந்தேன் என்கிறாள், இரண்டில் மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அவர் முடிவுக்கு வந்தார். மெஷினில் பழுது என்று நிரூபணமாகும்வரை சிடுசிடு சஸ்பெண்ட். அதே வகையைச் சேர்ந்த மற்ற வார்மர்களில் பழுது நிரூபணமாகாததால், அவை வழக்கம்போல் ஓடின. அவற்றின் கீழே குழந்தைகளும் வழக்கம்போல் படுத்திருந்தன.

குழந்தையின் அம்மா துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற சின்னப் பெண். அவள் சண்டை போடவில்லை. சிடுசிடு வார்டை விட்டுப் போகும்போது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் சிடுசிடுவுக்குத் தோன்றியது. வேலையைப் பற்றி அப்புறம்தான் யோசித்தாள்.

ஆஸ்பத்திரி மெக்கானிக் வார்மரைக் கழற்றிப் பார்த்தார். சூட்டைக் கட்டுப்படுத்துகிற சிப்பில்தான் கோளாறு இருக்க வேண்டும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது, லேசர் ஆபீஸில் கொடுத்தால் பார்ப்பார்கள் என்றார். யார் கொண்டுபோவது என்று கேள்வி வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் வேலை இருந்தது. வேலை இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

லேசர் ஆபீஸின் முழுப் பேரை வாசல் கல்லில் வெட்டியிருந்தார்கள். படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சிப்புகளில் இருக்கும் பழுதை ஒளியைக் கொண்டு கண்டுபிடிப்பதற்கென்றே ஏற்பட்ட நிறுவனம் என்பது அதன் சாரம்.

வாசலில் காவலர், அவள் கையிலிருந்த பெட்டியில் என்ன என்று கேட்டார். சிப் என்றாள். நல்லதா, பழுதானதா என்றார். பழுதானது என்றாள். அப்படியென்றால் உள்ளே விட முடியாது, பழுதான பொருள் எதையும் வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது என்றார் காவலர்.

“பழுதைக் கண்டுபிடிக்கிற இடத்துக்கு நல்லதைத்தான் கொண்டுவரணுமா?”

“அதெல்லாம் உள்ள இருக்கறவங்க பாத்துக்குவாங்கம்மா. நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்.”

சொன்னாள். நல்ல சிப், ஒன்று, என்று காவலர் பதிந்துகொண்டார்.

உள்ளே பொருள்களை வாங்கிக்கொள்கிற அதிகாரி, வாசலிலேயே நல்லது என்று பதிவாகி வந்த சிப்பை எதற்காகச் சோதிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு சிடுசிடு சொன்ன பதிலில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதிப் பாதி மாடிவரை கேட்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்குத்தான் சாயக்காரி இறங்கி வந்தாள்.

சாயக்காரி என்பது அந்த ஆபீஸ் அவளுக்கு வைத்த பேர். ஒளி பட்டால் மினுங்குகிற சாயங்களைப் பற்றி வருஷக்கணக்கில் படித்தவள். விரல் நுனியெல்லாம் சிவந்த கறை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, படியேறும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சிப்பின் கறுப்பு மூடியை அமிலம் விட்டுக் கரைத்து எடுக்க வேண்டும். உள்ளே நகக்கண் அளவுக்குப் பளபளவென்று ஒரு தகடு இருக்கும். அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிசாகச் சாயம் பூசி ஊதா லேசரைக் காட்டினால் சாயம் சிவப்பாக ஒளி விடும். அப்புறம் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து ஓடவிட வேண்டும். எந்த இடம் வேண்டாத சூடு காண்கிறதோ அந்த இடத்தில் மட்டும் ஒளி குறைந்துபோகும்.

“காய்ச்சல் வந்தா முகம் வாடுதில்ல சிஸ்டர், அது மாதிரி சாயம் வாடும். சிவப்புக்கு நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. அங்கதான் கோளாறு.”

எத்தனை நாளாகும் என்று கேட்டாள் சிடுசிடு. வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், மற்றதுக்குத்தான் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றாள் சாயக்காரி. இன்னொன்றும் சொன்னாள். இந்தச் சாயத்துக்கு ஆயுள் குறைச்சல். லேசர் வெளிச்சத்தில் நிற்க நிற்கத் தேய்ந்துபோகும். அதனால் சட்டென்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு லேசரை அணைத்துவிட வேண்டும்.

சாயம் பூசியாயிற்று. லேசரைப் போட்டு, சிப்பையும் ஓடவிட்டாயிற்று. அளக்கிற கேமராவைப் பூட்டி வைத்திருந்த அறையின் சாவி மட்டும் வர வேண்டும். அதற்கு முன்னால் ஆபீஸின் இயக்குநர் வந்துவிட்டார்.

இயக்குநர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். சிப் முழுவதும் தணல் மாதிரி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அவருக்குக் குரலே தழுதழுத்துவிட்டது. இத்தனை அழகை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்வது மக்களுக்குச் செய்கிற துரோகம் என்றார். லேசரை அணைக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். மேலதிகாரிகள் வந்தார்கள். அவர்களுக்கு மேலதிகாரிகள் வந்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார்கள். மக்கள் தொடர்பு அதிகாரி ஒவ்வொருவரையும் சிப்போடு நிற்க வைத்துப் படம் எடுத்தார். படத்தில் முகம் மறைகிறது என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை, அவரும் படத்தில் இருந்தார்.

ஒரு நாள் யாரோ ஒரு பெரிய மனிதரின் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, சிவப்புக்கு நடுவில் கறுப்பாக ஏதோ தெரிகிறதே, மச்சம் மாதிரி எத்தனை லட்சணமாக இருக்கிறது என்றாராம். இயக்குநருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் மச்சத்தைத்தான் முதலில் காட்டினார்.

சாயக்காரி தினமும் போய்ச் சொன்னாள். சாயம் தேய்கிறது, அளந்துவிடலாம், அளந்த பிறகு எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்றாள். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். சாயம் பிறந்ததே ஒளிர்வதற்குத்தான், அது ஒளிர்கிறது, இதில் வீணாவதற்கு என்ன இருக்கிறது என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

சிடுசிடு தினமும் வந்து கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர்கள் அவளைக் கடந்து போனார்கள். ஒருவர் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெள்ளைச் சேலை கட்டினவள் கொடுப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

கேமரா அறையின் சாவி வந்த அன்றைக்குச் சாயம் செத்துப்போயிருந்தது. லேசரை எத்தனை காட்டினாலும் சிப் முழுவதும் ஒரே கறுப்பு. அளவெடுக்கிற பிரிவு தன் வேலையைச் செய்தது. எந்த இடமும் இன்னொரு இடத்தைவிட அதிகக் கறுப்பாக இல்லை, ஆகவே நுண்சில்லில், அதாவது சிப்பில், குறை காணப்படவில்லை என்று முடிவு சொல்லியது.

அந்த வாரமே வார்டில் இன்னொரு வார்மர் சூடேறியது. இன்னொரு குழந்தை. இந்தத் தடவை வயிற்றில். அந்த நேரம் பக்கத்தில் நின்ற நர்ஸும் சஸ்பெண்ட் ஆனாள். மறுநாளிலிருந்து பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

சிடுசிடு எழுந்தாள். யாரிடமும் கேட்காமல் மாடியேறி, இயக்குநர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போய், சாயம் மறுபடி பூசி அளக்கப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் பேசினால் வார்டில் ஆயாக்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போவார்கள். இயக்குநருக்கு அது தெரியாது. அவர் அவளை உட்காரச் சொன்னார். வருத்தத்தில் வந்திருக்கிற பொதுமக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் பயிற்சி எடுத்தவர்.

“அம்மா, உங்கள் உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். இந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு நுண்சில்லில்கூட நாங்கள் பழுதைக் கண்டுபிடித்ததில்லை. உலகத்தில் எந்த நிறுவனமும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. நம் சில்லுகளின் தரத்துக்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?”

சிடுசிடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி பேசுகிறாரோ என்று முதலில் நினைத்தாள். இல்லை. மனுஷர் மனசறிந்துதான் சொல்கிறார். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது.

சாயக்காரிக்கும் பொறுமை போய்விட்டது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவளே அறையைத் திறந்து, புதுச் சாயம் கரைத்து, சூடேறின இரண்டு வார்மர்களின் சிப்புகளிலும் பூசினாள். ஸ்டோரில் சும்மா கிடந்த அதே வகைச் சிப்புகள் சிலவற்றையும் மெக்கானிக் கொடுத்தனுப்பியிருந்தார். அவற்றிலும் பூசினாள். சிடுசிடுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே லேசரைப் போட்டாள். எடுத்தவுடனே ஒன்றும் தெரியவில்லை. சிப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்றாள் சாயக்காரி. லேசரை அணைத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி போட்டபோது, சிவப்புக்கு நடுவில், ஒரு ஓரமாக, அந்தக் கறுப்புப் புள்ளி. அடுத்த சிப்பில் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும் அதே இடத்தில். ஒவ்வொன்றையும் உடனே படம் எடுத்துக்கொண்டாள்.

எல்லாச் சிப்பிலுமா என்று கேட்டாள் சிடுசிடு.

“எல்லாத்துலயும்தான். வரைஞ்சவங்களே தப்பா வரைஞ்சிருக்காங்க. ரெண்டு கம்பி ஒட்டிக்கிட்டுப் போகுது. ரொம்ப நேரம் ஓடினா அந்த இடம் சூடாகி, அப்புறம் சிப் யார் பேச்சையும் கேக்காது. ஹீட்டர முழுசாத் திறந்து விட்டுடும்.”

சிடுசிடுவுக்கு வார்டில் வரிசையாக நிற்கிற வார்மர்கள் கண்முன்னால் வந்தன. ராத்திரி பகலாக ஓடுகிறவை.

சாயக்காரி படங்களோடு இயக்குநரிடம் போனதால், வேறு வழியில்லாமல் ஒரு விசாரணைக் குழு கூடியது. குழுவுக்குத் தலைவர் யாரென்றால், அந்தச் சிப்பை வடிவமைத்த கம்பெனியின் தலைவர். அந்தச் சிப்பைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது என்பதால் அவரையே போட்டிருந்தார்கள். பொருளைக் கொண்டுவந்தவள் என்ற முறையில் சிடுசிடுவுக்கும் ஒரு ஓரத்தில் நாற்காலி கிடைத்தது.

முதலில் குழு நேரடியாகப் பார்வையிட்டது. இந்தத் தடவை படம் எடுக்கிற வேலை இல்லாததால் பாதுகாப்பு அதிகாரி மிகவும் கண்டிப்பாக இருந்தார். இருப்பதிலேயே கனமான கண்ணாடியை ஆளுக்கொன்று மாட்டிவிட்டார். அது எல்லா லேசரையும் தடுக்கும், மற்ற வெளிச்சத்தையும் தடுக்கும். குழு உறுப்பினர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார்கள். ஒருவர் சுவரைப் பார்த்து, தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றார். சிப் இருந்த மேஜையைச் சுற்றி நின்று எல்லாரும் வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள். என்ன தெரிகிறது என்று தலைவர் கேட்க, எதுவுமே தெரியவில்லை என்று ஒருமித்த குரலில் சொன்னார்கள். கூர்ந்து ஆராய்ந்ததில் எதுவும் தென்படவில்லை என்று அது பதிவாயிற்று.

சாயக்காரி படத்தை மேஜையில் வைத்தாள். ஒரு சில்லில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தற்செயல், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்றார் தலைவர். அவள் மற்றப் படங்களையும் வரிசையாக அடுக்கினாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

தலைவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றே பேசினார்.

“நண்பர்களே, குறை என்றால் என்ன? ஒன்றிலிருந்து இன்னொன்று மாறுபடுவது குறை. இங்கே பாருங்கள். அத்தனை சில்லிலும் அதே இடம், அதே அளவு, அதே கருமை. மயிரிழை பிசகவில்லை. எங்கள் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. ஒருவருக்கு மச்சம் இருந்தால் அவரை நோயாளி என்போமா? இது எங்கள் சில்லின் மச்சம்.”

இயக்குநர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். சிப்பைக் கொண்டுவந்த அம்மையாரே அது நல்ல சிப் என்றுதான் வாசலில் சொல்லியிருக்கிறார் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

சிடுசிடு உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“ரெண்டு குழந்தைக்கும் ஒரே மாதிரிதான் சார் தோல் வெந்திருக்கு. அதுவும் தரம்தானா?”

தோல் மருத்துவத் துறையைச் சேர்ந்தது, இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று தலைவர் வருத்தத்தோடு தெரிவித்தார். அத்தோடு குழு கலைந்தது. மறுநாள் சாயக்காரியை நூலகத்துக்கு மாற்றினார்கள். அவளுக்கு அமைதி தேவைப்படுகிறது என்று காரணம் சொன்னார்கள்.

சிடுசிடுவின் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, நான் வேற எங்கயாவது வேலை தேடிக்கறேங்க, இவங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது என்றாள்.

அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவசரப்பட்டுப் பதில் சொல்கிற ஆள் இல்லை.

“தேடும்மா. உனக்குக் கிடைக்காமலா போகும். ஆனா நீ போனாலும் அந்த மெஷினுங்க அங்கயேதான நிக்கும்.”

சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தார். அவள் வேலை தேடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வார்மர்கள் அனைத்தும் பழுதற்றவை என்று லேசர் ஆபீஸ் நற்சான்று கொடுக்கப் போகிறது, அதற்கு ஒரு விழா என்றார் பெரிய டாக்டர். மேடையில் இயக்குநருக்குப் பூங்கொத்து கொடுத்து, சந்தேகப்பட்டது தன் தவறுதான் என்று சிடுசிடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுநாளே டூட்டிக்கு வந்துவிடலாம், இன்னொரு நர்ஸும் வந்துவிடலாம். அவர் இதைச் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சரி டாக்டர், வர்றேன் என்றாள்.

விழா ஆஸ்பத்திரிக் கூடத்தில் நடந்தது. மேடை நடுவில் ஒரு வார்மரைக் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் பளபளப்பான பிளாஸ்டிக் ரிப்பன் கட்டியிருந்தார்கள். படத்தில் நன்றாக எரிய வேண்டும் என்று மக்கள் தொடர்பு அதிகாரி காலையிலேயே அதைப் போட்டுவிட்டிருந்தார். சிடுசிடு வந்ததும் வராததுமாக அதன் பக்கத்தில் போய்க் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிகாரியிடம் போய், மெஷினில் சூடு எகிறிப்போய்க் கிடக்கிறது, அணையுங்கள் என்றாள். வார்மர் என்றால் சூடாகத்தானே இருக்கும் சிஸ்டர் என்று அவர் சிரித்தார்.

இயக்குநர் பேசினார். சிப்பைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் தன் நிறுவனத்தின் மாசற்ற வரலாற்றைப் பற்றியும் பேசினார். குறை காண்பது எளிது, எந்த முட்டாளும் குறை கண்டுவிடலாம், குறையே காணாமலிருக்கத்தான் பெரிய நிறுவனம் வேண்டும், ஆய்வகம் வேண்டும், லேசர் வேண்டும் என்றார். கைதட்டினார்கள். பெரிய டாக்டர் கடைசியாகத் தட்டினார்.

நற்சான்றைக் கொடுக்கிற நேரம் வந்தது. வெறும் மெஷினோடு எடுத்தால் படத்தில் உயிர் இருக்காது, ஒரு குழந்தையைப் படுக்க வையுங்கள் என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. குழந்தையையும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்ள வந்திருந்த அந்தத் தையல்காரப் பெண்ணைப் பிள்ளையோடு மேடையேற்றியிருந்தார். வெந்த பிள்ளையே திரும்பி வந்து அதே மாதிரி மெஷினில் படுத்தால் அதைவிட நம்பிக்கை தருகிற படம் கிடைக்குமா என்பது அவர் எண்ணம்.

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சிடுசிடுவைப் பார்த்தாள். அன்றைக்கு வார்டில் பார்த்த அதே பார்வை.

சிடுசிடு பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு மேடையேறி, வார்மருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றாள். மைக் திறந்திருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“குழந்தையப் படுக்க வைக்கறேன் சார். அதுக்கு முன்னால நீங்க உங்க கைய இதுக்குக் கீழ வைங்க. ரொம்ப நேரம் வேண்டாம். ஒரு குழந்தைக்குப் பால் குடுக்கற நேரம்.”

இயக்குநர் வார்மரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். வைத்திருக்கலாம். பழுதற்றது என்று கையெழுத்துப் போட்ட கைதான். அவர் அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அம்மையாரின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் எங்கள் நற்சான்று குழந்தைகளுக்கு மட்டுமே பொருந்தும். பெரியவர்கள் எங்கள் ஆய்வு வரம்பில் இல்லை.”

சிடுசிடு குழுத் தலைவரிடம் திரும்பினாள். அவர், தான் வடிவமைக்கிறவர், பயன்படுத்துகிறவர் அல்ல என்று விளக்கினார். பாதுகாப்பு அதிகாரியிடம் திரும்பினாள். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தான் மெஷின் பக்கம் வருவதில்லை என்றார் அவர். மேடையில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக மேஜைக்குக் கீழே போயின. கடைசியில் அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் கை மட்டும் மேஜை மேல் இருந்தது. எத்தனையோ பிரசவம் பார்த்த கை.

அப்போதுதான் ரிப்பன் சுருண்டது. வார்மரின் விளிம்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ரிப்பன் மெதுவாக நெளிந்து, சுருங்கி, உருகிச் சொட்டியது. நாற்றம் முதல் வரிசைக்கு வந்தது. குழந்தை படுக்க வேண்டிய மெத்தையில் ஒரு சொட்டு விழுந்து புகைந்தது. ரிப்பனின் தரத்துக்கு எங்கள் நிறுவனம் பொறுப்பல்ல என்று இயக்குநர் மைக்கில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

பெரிய டாக்டர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் நடந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கின பிளக்கைக் கையில் பிடித்தபடியே வார்டுக்குப் போன் போட்டு, எல்லா வார்மரையும் நிறுத்து, பிள்ளைகளை எடுத்து அம்மாக்களிடம் கொடு, மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொல் என்றார். சிடுசிடு அதற்காக அவரை மன்னிக்கவில்லை. இதைச் செய்ய அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது, அந்த ஒரு நிமிஷத்தை முதல் கொப்புளத்தன்றே செலவழித்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

இரண்டு நர்ஸுகளும் வேலைக்குத் திரும்பினார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்று உத்தரவில் இருந்தது. வார்மர்கள் வர்ணம் பூச அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த வர்ணம் காயவே இல்லை. லேசர் ஆபீஸ் நற்சான்றைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கினால் குறை கண்டதாக ஆகிவிடும். அதனால் வேறு ஆஸ்பத்திரிகளில் அதே வார்மர்கள் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சிடுசிடு தினமும் வேலை முடிந்ததும் வார்டுப் போனை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டாள். மேலிடத்தையெல்லாம் கேட்கவில்லை. குழந்தைகள் வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள் என்பாள். எந்த ஆஸ்பத்திரியில் அந்த வகை வார்மர் இருக்கிறது என்று சாயக்காரி நூலகத்தில் இருந்தபடியே தேடிச் சொன்னாள். சில இடங்களில் உடனே நிறுத்தினார்கள். சில இடங்களில் நீ யார் சொல்வதற்கு என்றார்கள். அங்கே மறுநாளும் கூப்பிட்டாள்.

அப்படி ஒரு நாள் போனை வைத்த கையோடு மணி அடித்தது. லேசர் ஆபீஸ் மக்கள் தொடர்பு அதிகாரி. பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய குழு வருகிறது, சிப் காட்ட வேண்டும், சோதித்த பழைய சிப்புகளைக் காணோம், புதிதாக வாங்கிப் பார்த்தார்கள், வேறு கம்பெனிச் சிப்பில் அந்த மச்சம் வர மாட்டேன் என்கிறது, வெறும் சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் சுவாரசியமாக இல்லை, இயக்குநர் மிகவும் வருத்தப்படுகிறார் என்றார்.

“அதான் சிஸ்டர், உங்க பழைய மெஷின்லேருந்து பழுதான சிப் ஒண்ணு கிடைக்குமா?”

“பழுதான சிப்பா?”

“ஆமா சிஸ்டர். ஒண்ணு போதும்.”

பின்னால் ஒரு குழந்தை அழுதது. பசி அழுகைதான். அம்மா எடுத்து மார்பில் போட்டுக்கொண்டதும் அடங்கியது.

“இப்ப சொன்னீங்க பாருங்க, அந்த வார்த்தைய உங்க டைரக்டர மைக்ல சொல்லச் சொல்லுங்க. பெட்டி நிறைய நானே கொண்டுவந்து தர்றேன். இப்ப லைன விடுங்க. இன்னும் நிறைய வார்டு பாக்கி இருக்கு.”

அவர் என்னவோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டு, அடுத்த ஆஸ்பத்திரியின் நம்பரைச் சுழற்றினாள்.